கனவு என்று சொன்னது

அன்றைக்கு ஐந்து ஆபரேஷன். முதல் நோயாளியை மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சீட்டு வந்துவிட்டது. வரவேற்பில் உட்காரும் பெண் தியேட்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"டாக்டர், அந்தக் கணக்கு டீச்சர் மறுபடியும் ஃபோன் பண்ணாங்க. நம்பர் எழுதியிருக்கேன். இந்தத் தடவையாவது கூப்பிடச் சொன்னாங்க."

மயக்க டாக்டர் சீட்டை வாங்கிப் படிக்காமலே மடித்துப் பச்சைச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டாள். படிக்க என்ன இருக்கிறது? அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். எட்டு மாதமாக இப்படி எத்தனையோ சீட்டை வாங்கி, அழுக்குச் சட்டையோடு சேர்த்துச் சலவைக்கு அனுப்பியிருக்கிறாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபது வருஷம் மற்றவர்களைத் தூங்கவைப்பதிலேயே போய்விட்டது. "ஊரையே தூங்கவைக்கிறவளுக்கு ராத்திரி தூக்கம் வரல பாரு" என்று கணவர் சொல்லிச் சிரிப்பார். முதல் நூறு தடவை அவளும் கூடச் சிரித்தாள். இப்போதெல்லாம் முட்டிதான் முதலில் பேசுகிறது, அப்புறம் இடுப்பு, அதற்கப்புறம்தான் அவள்.

மயக்க டாக்டர் என்றால் ஒரு ஊசியைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் என்றுதான் வெளியே பலருக்கு நினைப்பு. படிக்கட்டும் பார்க்கலாம். ஊசியில் போவது மூன்று விஷயம். ஒன்று தூக்கம். இன்னொன்று வலி தெரியாமல் இருக்க. மூன்றாவது, உடம்பிலுள்ள தசைகளையெல்லாம் தளர்த்திப் போட. இந்த மூன்றாவதுதான் வில்லங்கம் பிடித்தது. அதைப் போட்டால்தான் வயிறு இளகிக் கொடுக்கும், அறுக்கிறவர் நிம்மதியாக அறுப்பார். ஆனால் மூச்சு விடுவதும் தசைதானே? அதுவும் படுத்துக்கொள்ளும். தொண்டையில் குழாயை இறக்கி, மெஷின்தான் அவருக்காக மூச்சு விட வேண்டும். வேலை முடிந்ததும் குழாயை எடுத்தாக வேண்டும். மருந்து முழுசாக விட்டுவிட்டதா என்று நோயாளியைக் கேட்க முடியாது, அவர்தான் தூங்குகிறாரே.

அதற்குத்தான் மணிக்கட்டில் இரண்டு வில்லையை ஒட்டிக் கொஞ்சமாக மின்சாரம் கொடுப்பது. கட்டைவிரல் நாலு தடவை துடிக்கும். மருந்து உள்ளே இருந்தால் முதல் துடிப்பு நன்றாக இருக்கும், இரண்டாவது சோரும், நாலாவது பேருக்குத்தான் ஆடும். நாலாவது துடிப்பு முதலாவதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருந்தால்தான் குழாயைத் தொடலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்களிடம் இருந்தது பழைய டப்பா. அது மின்சாரம் மட்டும் கொடுக்கும். துடிப்பைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் வித்தியாசம் தெரியாது. நாலும் துடிக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

கணக்கு டீச்சருக்கு நாலும் துடித்தது. பித்தப்பை எடுத்தார்கள். இவள் குழாயை எடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எல்லாரும் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்கள். திரையில் ஆக்ஸிஜன் எண் இறங்கி மெஷின் கத்தியபோதுதான் ஓடிப்போய் முகமூடியை வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வார்டுக்குப் போனபோது டீச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு முழிப்பு இருந்துச்சு டாக்டர். கண்ணத் தெறக்க முடியல, மூச்ச இழுக்க முடியல. செத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். நீங்க பக்கத்துல நின்னு ஃபோன் பேசுனீங்க. நீல டப்பா ஃபிரிட்ஜ் மேல இருக்கு, ஸ்டூல் போட்டு எடு, விழுந்து வைக்காதன்னு சொன்னீங்க. நெஜம்தானே?"

நிஜம்தான். மயக்க டாக்டருடைய மகள் வீட்டில் ஜியாமெட்ரி பெட்டியைத் தேடிக்கொண்டு ஃபோன் செய்திருந்தாள். அதே வார்த்தைகள். கட்டிலின் கால்மாட்டில் சர்ஜன் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி மேனேஜர். இரண்டு பேரும் இவள் வாயையே பார்த்தார்கள்.

"மயக்க மருந்து அப்படித்தாம்மா. கனவு மாதிரி வரும். போகப் போக மறந்துடும்" என்று மயக்க டாக்டர் சொன்னாள்.

"பாத்தியா, கனவுதான்னு நான் சொன்னேன்ல?" என்று பக்கத்தில் நின்ற டீச்சரின் வீட்டுக்காரர் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

டீச்சருக்கு மறக்கவில்லை. விளக்கை அணைத்துப் படுக்க முடியவில்லை, போர்வையை மார்புக்கு மேல் இழுக்க முடியவில்லை. பாடம் நடத்தும்போது பாதியில் மூச்சு நின்றுவிடும் போல இருக்கிறதென்று வகுப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறாளாம். வீட்டுக்காரர் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறார். இதெல்லாம் வரவேற்புப் பெண் சொல்லித் தெரிந்தது. டீச்சர் புகார் கொடுக்கவில்லை, சண்டைக்கு வரவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு விடை. நடந்ததா, இல்லையா?

மயக்க டாக்டர் அதற்கு விடை எழுதவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். எண்ணைத் திரையிலேயே காட்டும் புது மெஷின் வேண்டுமென்று பதினான்கு கடிதம். பதினாலாவதுக்கு மெஷின் வந்தது. அது வந்த அன்று அவளுக்கு ஏதோ பாவம் கழிந்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் மெஷின் வாங்கியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அன்றைய ஐந்தாவது ஆள் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். இடது பக்கம் குடலிறக்கம். காலையில் வார்டில் போய்ப் பார்த்தபோது இரண்டு விரலை நீட்டி, "ரெண்டு கையாலயும் பிடிச்சு நல்லா நசுக்குங்க" என்றாள். வலது கை விரலை ஒடித்துவிடும் போல இருந்தது. இடது கை, நனைந்த துணி மாதிரி வந்து விழுந்து, மெதுவாக மூடிக்கொண்டது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்துச்சு டாக்டர். மத்ததெல்லாம் சரியாயிடுச்சு. இந்தக் கை மட்டும் லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பல" என்றார் அவர்.

"அப்ப எப்படிப் பூட்டுத் தெறக்கறீங்க?"

"பூட்ட இதுகிட்ட குடுத்துடுவேன். சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கும். அந்த மட்டும் விசுவாசம்."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் மனசாரச் சிரித்தது அதுதான். அப்போதே ஒன்றை நினைத்துக்கொண்டாள்: வில்லையை இவருக்கு வலது கையில்தான் ஒட்ட வேண்டும். பக்கவாதம் வந்த கை இந்த மருந்துக்குச் சரியாக அடங்காது. மற்ற உடம்பெல்லாம் கட்டுண்டு கிடக்க, அது மட்டும் எனக்கென்ன என்று துடித்துக்கொண்டிருக்கும். அதை நம்பி எண்ணைப் படித்தால் மோசம் போக வேண்டியதுதான். இதை அவளே படிக்க வந்தவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நினைத்துக்கொண்டாள், எழுதிவைக்கவில்லை.

அவரை மேசையில் ஏற்றும்போது மணி மூன்றரை. காலையிலிருந்து அவள் வயிற்றில் விழுந்தது இரண்டு டீயும் நாலு பிஸ்கட்டும். சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்குத் தியேட்டரில் 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவதாகத்தான் சொல்வார். அவருடைய ரெண்டு நிமிஷத்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"நான் வலது பக்கம் நிக்கணும். அந்தக் கைய உடம்போட சேத்துச் சுருட்டிடுங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்றார்.

வலது கை துணிக்குள் போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது இடது கை. மயக்க டாக்டர் வில்லைகளை எடுத்தாள், கண்ணெதிரே இருந்த மணிக்கட்டில் ஒட்டினாள். காலையில் நினைத்தது காலையோடு போயிற்று. அவள் புத்தி கெட்டவள் அல்ல, அசிரத்தைக்காரியும் அல்ல. களைத்திருந்தாள். களைப்பு வந்து சொல்லிவிட்டா தப்புச் செய்யும்?

பாதியில் சர்ஜன் முனகினார். "வயிறு இறுகுதும்மா. மருந்து விட்டுப்போச்சா?"

திரையைப் பார்த்தாள். நாலு துடிப்பும் குதித்துக்கொண்டு வந்தன. "இவர் மருந்த மென்னு துப்பறார்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாலே முக்காலுக்குத் தையல் முடிந்தது. திரையில் தொண்ணூற்று நாலு. பூட்டுக்காரர் குழாய் வழியாகத் தானே மூச்சு விட ஆரம்பித்திருந்தார், கண்ணிமை லேசாக ஆடியது. தியேட்டரில் எல்லாருக்கும் மூத்த நர்ஸ், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், சளி உறிஞ்சும் குழாயை நீட்டினாள். "தசைய எழுப்ப முறிவு மருந்து போடலாமா டாக்டர்?"

"தொண்ணூத்து நாலு இருக்கே பெரியக்கா, எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்தாள்.

முதல் மூச்சு வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவதுக்கு மார்பு தூக்கிப்போட்டது, தொண்டை வழியாகக் காற்றுப் போகவில்லை. வயிறு மேலே போனால் நெஞ்சு கீழே போயிற்று. கண் பாதி திறந்து அப்படியே நின்றது. அந்தப் பாதிக் கண்ணுக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

முகமூடியை அழுத்தித் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் ஆக்ஸிஜன் எண் தொண்ணூறு, எண்பத்தெட்டு என்று இறங்கியது. ஆனால் இந்தப் பக்கத்துத் துடிப்பு மெஷின் தொண்ணூற்று நாலு என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. எண் சரியாக இருக்கிறது, மனுஷர் சரியாக இல்லை. எங்கே பிசகியது?

அப்போது ஏதோ அவளுடைய சட்டையைப் பிடித்தது. குனிந்து பார்த்தாள். அவருடைய இடது கை. தொங்கிக்கொண்டிருந்த சட்டை நுனியை, நனைந்த துணி மாதிரி மெதுவாக மூடிப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் அவள் விரலைப் பிடித்த அதே பிடி. கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. உடம்பு முழுக்கக் கட்டிப்போட்டுக் கிடக்க, லீவிலிருந்த அந்த ஒரு கைதான் எழுந்து வந்திருந்தது.

"பெரியக்கா, வில்லைய வலது கைக்கு மாத்துங்க. துணியக் கிழிச்சாலும் பரவாயில்ல. முறிவு மருந்த எடுங்க, சீக்கிரம்."

வலது கையில் எண் முப்பத்தெட்டு. மருந்து ஏறியது. அது வேலை செய்ய இரண்டு நிமிஷம் ஆகும். இந்த ரெண்டு நிமிஷம் நிஜமான ரெண்டு நிமிஷம். அவள் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள்.

"அண்ணே, உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியும். ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. மருந்து இன்னும் விடல, அதான் அசைய முடியல. மூச்ச நான் குடுக்கறேன், நீங்க பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல, கணக்கு டீச்சருக்கு இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கேட்டதெல்லாம் ஃபிரிட்ஜ் மேலிருந்த நீல டப்பா. வலது கையின் எண் அறுபது ஆயிற்று, எண்பது ஆயிற்று, தொண்ணூற்று ஏழு ஆயிற்று. பூட்டுக்காரர் ஒரு முழு மூச்சை இழுத்து, இருமி, வலது கையால் முகமூடியைத் தள்ளினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடது கை மட்டும் சட்டையை விடவில்லை. பெரியக்காதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

கை கழுவும் இடத்தில் சர்ஜன் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலையே? விடுங்க. பாதி மயக்கத்துல இருந்திருப்பார், ஞாபகம் இருக்காது. கேட்டா கனவுன்னு சொல்லிடுங்க."

"போன தடவை சொன்ன மாதிரியா?"

அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நல்லதுக்குச் சொல்றேன். நாமளே முந்திக்கிட்டுப் போய் வாயக் குடுத்து மாட்டிக்கணுமா? மேனேஜர் சும்மா இருப்பாரா? இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேர் என்ன ஆகும்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் கஷ்டம். வேலைக்கே ஆபத்து வரலாம். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த பேர் ஒரு வாரத்தில் கிழிந்து தொங்கலாம். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது.

ஆறு மணிக்குப் பக்கத்து அறையில் பூட்டுக்காரர் தலையணையில் சாய்ந்து, ஈரத் துணியை உதட்டில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஒரு பொல்லாத கனவு டாக்டர். யாரோ என்னைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. சாவி என் கையிலதான் இருக்கு, கைய அசைக்க முடியல. அப்படியொரு கனவு."

அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம், கனவுதான் என்று தலையை ஆட்டினால் போதும். இவரும் மறந்துவிடுவார், சர்ஜனும் நிம்மதியாகக் காரில் ஏறிப் போவார். மயக்க டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முட்டி இடம் கொடுக்கவில்லை.

"கனவு இல்லண்ணே. நெஜமாவே நடந்துச்சு. உங்க இடது கையப் பாத்துட்டு, மருந்து விட்டுடுச்சுன்னு குழாய எடுத்துட்டேன். வலது கையில பாத்திருக்கணும். காலையில தெரிஞ்ச விஷயம், சாயங்காலம் மறந்துட்டேன். தப்பு என்னோடது. எழுதியும் வைக்கப்போறேன். நீங்க புகார் குடுக்கலாம், அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

அவர் ஈரத் துணியை வாயிலிருந்து எடுத்தார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு அது வலித்தது.

"அப்ப, நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு குரல் கேட்டுதே. அதுவும் நெஜமா?"

"அதுவும் நெஜம்தான்."

"அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்." துணியை ஓரமாக வைத்துவிட்டு, "கோவம் இருக்கு டாக்டர். இல்லன்னு சொல்ல மாட்டேன். என் வீட்டம்மா கேட்டா நெஜத்தத்தான் சொல்லுவேன்" என்றார்.

"சொல்லுங்க. நானே வந்து சொல்றேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடமும் சொன்னாள். அந்த அம்மா சத்தம் போட்டாள், அழுதாள், அப்புறம் உள்ளே போய்க் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மயக்க டாக்டர் ஃபைலில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது முடிய ஏழாயிற்று.

உடை மாற்றும் அறையில் பச்சைச் சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போடப் போனாள். நுனி கசங்கியிருந்தது, அவர் பிடித்த இடம். பையில் சீட்டு இருந்தது. இந்தத் தடவை பிரித்துப் பார்த்தாள். நம்பருக்குக் கீழே வரவேற்புப் பெண்ணின் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'ஆமா இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்னு சொல்றாங்க.'

மரப்பெஞ்சில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் டீச்சர்.

"டாக்டரா?"

"ஆமாம்மா. நான்தான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது கனவு இல்ல. நெஜம். நீல டப்பான்னு சொன்னது நான்தான், என் பொண்ணுகிட்ட. மருந்து விடறதுக்கு முன்னாடியே குழாய எடுத்துட்டேன். நீங்க முழிச்சுக்கிட்டு மூச்சு விட முடியாம கெடந்தீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கனவுன்னு பொய் சொன்னேன். என்னை மன்னிக்கணும்னு கேக்க வாய் வரல. ஆனா நடந்தது இதுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். டீச்சர் திட்டவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்தது. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் கிட்டே வந்து, சட்டென்று நின்றது.

"டாக்டர், என் வீட்டுக்காரர்கிட்ட குடுக்கறேன்" என்றாள் டீச்சர். வகுப்பில் கணக்குச் சொல்கிறவளின் நிதானம் குரலில் இருந்தது. "இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

ஃபோன் கைமாறியது.

"ஹலோ, யாரு?" என்றது ஆண் குரல்.

மயக்க டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.